மாதவிலக்கு வலிக்கு முந்திக்கொள்வது எப்படி: மாத்திரை முதல் கப் வரை முழுமையான வழிகாட்டி

முதல் நாள் காலை ஆறு மணிக்கு இடுப்பில் ஒரு கனம் தெரியும். சமையலை முடித்துக் கிளம்பும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கத் தொடங்கியிருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே போய், வேலையிடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, பதினோரு மணிக்குமேல் இனித் தாங்காது என்றான பிறகுதான் நம்மில் பலர் கைப்பையில் மாத்திரையைத் தேடுகிறோம். அதற்குள் ஐந்து மணி நேரம் போய்விடுகிறது. அந்த நேரத்தில் போடும் மாத்திரை அரைகுறையாகத்தான் கேட்கும். "எனக்கு எந்த மாத்திரையும் கேட்பதில்லை" என்று சொல்லும் பெண்கள் பலருக்கு நடப்பது இதுதான். நானும் கல்லூரி விடுதியில் இருந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் இதில் நான் திரும்பத் திரும்ப வற்புறுத்தப்போவது ஒன்றுதான்: வலிக்கு முந்திக்கொள்ளுங்கள். மாத்திரையும் ஒத்தடமும் நாப்கினும் முதல் துளி படுவதற்கு முன்பே கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது

கருவுக்காக ஒவ்வொரு மாதமும் கருப்பையின் உட்சுவரில் வளரும் சவ்வு, கரு தங்காதபோது உதிர்கிறது. உதிரும் நேரத்தில் அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் வெளிப்படுகிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது. இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது, வலி பிறக்கிறது. இதே பொருள் குடலையும் கிளறுவதால்தான் முதல் நாளில் சிலருக்கு வயிறு இளகிப் போகிறது. குமட்டலும் தலைவலியும் தொடைக் கடுப்பும்கூட இதன் வேலைதான். சித்த மருத்துவம் இதைச் சூதக வலி என்கிறது.

இந்த வகை வலி இரத்தப்போக்கோடு சேர்ந்தோ, சற்று முன்போ தொடங்கும். எட்டு மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் அடங்கிவிடும். இன்னொன்றையும் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வயதுக்கு வந்த புதிதில் பெரும்பாலும் வலி இருக்காது. முட்டை ஒழுங்காக வெளியாகத் தொடங்கிய பிறகு, ஆறு மாதமோ ஒரு வருடமோ அதற்கும் மேலோ கழித்துத்தான் வரும். "போன வருடம் இல்லாத வலி இந்த வருடம் எப்படி வந்தது, பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறாள்" என்று மகளைச் சந்தேகிப்பது தவறு. அவள் உடல் சரியாக வளர்கிறது என்பதே அதன் பொருள்.

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்பதும் அப்படித்தான். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு வலி குறைவது உண்மை. கல்யாணத்துக்கும் கருப்பைத் தசைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்த ஒரு சொல்லை நம்பிக் காலம் தள்ளியதால் நோயைக் கண்டறியவே பல ஆண்டுகள் தாமதமான பெண்கள் இருக்கிறார்கள்.

முதல் படி: மூன்று மாதக் கணக்கு

முந்திக்கொள்ள வேண்டுமானால் தேதி தெரிந்திருக்க வேண்டும். வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். யாரும் பார்க்கக்கூடாது என்றால் சிறிய நோட்டு. போக்கு தொடங்கிய நாளை ஒன்றாம் நாளாக வைத்து, அடுத்த ஒன்றாம் நாள் வரை எண்ணுங்கள். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரையும், வயதுக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் 45 நாள் வரையும் இருக்கலாம். 28 நாள் என்பது ஒரு சராசரிதான். 32-வது நாளில் வருவதால் உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

தேதியோடு நான்கு விவரங்கள் எழுதுங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, பத்துக்கு எத்தனை. எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்குக் குறைந்தது. எத்தனை நாப்கின் நனைந்தது. மலம் கழிக்கும்போதோ, மாதவிலக்கு இல்லாத நாளிலோ வலித்ததா. கடைசி விவரம் முக்கியம். பின்னால் மருத்துவரிடம் போகும்போது அது தேவைப்படும்.

இரண்டாம் படி: மாத்திரையின் நேரம்

ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம் போன்ற வலி மருந்துகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை. ஏற்கெனவே உருவாகிவிட்டதை அவை அழிப்பதில்லை. பதினோரு மணி மாத்திரை ஏன் தோற்கிறது என்பது இப்போது புரியும். இடுப்புக் கனம் தெரிந்த உடனே, அல்லது போக்கு தொடங்கிய உடனே, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். பிறகு வலி திரும்பி வரட்டும் என்று காத்திராமல், சொல்லப்பட்ட இடைவெளிப்படி ஒன்றிரண்டு நாள் தொடர வேண்டும்.

பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் ஒரு நாளில் 1200 மில்லிகிராமைத் தாண்டாமல் என்பது வழக்கமான அளவு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு எடையையும் வயதையும் பார்த்து மருத்துவர் சொல்வதே அளவு. பாரசிட்டமால் இந்த வலிக்குச் சற்றே பலவீனமானது. ஆனால் மற்றவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவே துணை.

ஐபுப்ரோஃபெனும் மெஃபனாமிக் அமிலமும் யாருக்கு ஒத்துக்கொள்ளாது? வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை போட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமா உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்கள் இவற்றைத் தாமாகப் போடக்கூடாது. நம் ஊருக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு மாதவிலக்கும் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுப்ரோஃபெனையும் மெஃபனாமிக் அமிலத்தையும் தொட வேண்டாம். இரத்தக் கசிவை அவை கூட்டிவிடும்.

மெஃபனாமிக் அமிலமும், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரையைத்தான் மருந்துக் கடைகளில் "பீரியட்ஸ் மாத்திரை" என்று கேட்டு வாங்குகிறோம். அது மருத்துவர் சீட்டுக்கு உரியது. இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் மெஃபனாமிக் அமிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாகச் சிலருக்கு, மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, நெறி கட்டுதல், உள்ளுறுப்புப் பாதிப்பு என்று கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பது அதன் சாரம். மாதம் ஒருமுறை போட்டு நலமாக இருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. அந்த அறிகுறி கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மேலட்டை இல்லாத, பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயரில்லா மாத்திரைகள் கொடுக்கப்படுவதை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள், ஏறத்தாழ நூறு பெண் தொழிலாளர்களிடம் பேசி வெளிக்கொண்டு வந்தார்கள். உற்பத்தி நிற்கக்கூடாது என்பதற்காக ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதையே மறைப்பது எவ்வளவு பெரிய அநியாயம். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் பார்த்த பிறகே வாயில் போடுங்கள்.

கோயில், கல்யாணம், பால்காய்ச்சு என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரைகளுக்கும் இதே கண்டிப்பு பொருந்தும். அவை ஹார்மோன் மருந்துகள். காலில் இரத்தக் கட்டி வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், இரத்த உறவில் யாருக்காவது அந்தக் கட்டி வந்திருப்பவர்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று விழுங்குவது ஆபத்து.

மூன்றாம் படி: சூடு, நடை, சுக்கு

வெந்நீர் ஒத்தடத்தைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட வேண்டாம். அடிவயிற்றில் நாள் முழுக்க மிதமான சூடு கொடுக்கும் பட்டை, ஐபுப்ரோஃபெனுக்கு ஈடாக வலியைக் குறைத்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் தோல் சுகமாகத் தாங்கும் சூடு போதும். கொதிக்கும் நீரைப் பையில் ஊற்றக்கூடாது. பையை முக்கால் பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி, இருபது நிமிடம் அடிவயிற்றிலும் இடுப்பிலும் மாற்றி மாற்றி வையுங்கள். பை இல்லையென்றால் கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து வைக்கலாம். அதன் சூட்டைப் புறங்கையில் தொட்டுப் பார்க்காமல் வயிற்றில் வைக்க வேண்டாம். சூட்டோடு தூங்கிப்போனால் தோல் வெந்து கறுத்துவிடும்.

முதல் நாள் குளிக்கக்கூடாது என்று இன்னும் சில வீடுகளில் சொல்கிறார்கள். தாராளமாகக் குளியுங்கள். வெதுவெதுப்பான நீர் இடுப்பில் விழுவதே ஓர் ஒத்தடம்தான். ஒதுங்கி மூலையில் வெறும் தரையில் படுக்க வைப்பது வலியுள்ள உடலுக்குச் செய்யும் கொடுமை. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

நடை, யோகாசனம் போன்ற பயிற்சிகளை மாதம் முழுவதும் வாரத்துக்கு மூன்று நாளாவது செய்பவர்களுக்கு வலி குறைகிறது. முதல் நாளில் வலுக்கட்டாயமாக ஓட வேண்டியதில்லை. இஞ்சிப் பொடியை முதல் மூன்று நான்கு நாள்களுக்கு, நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரை கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்தது. சுக்குக் காப்பி குடிப்பவர்கள் தொடரலாம். உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் நல்ல சத்துணவு. இரத்தமும் எலும்பும் வலுப்பெற வேண்டிய வயதில் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைய வலியை அன்றே நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தண்ணீர் குடியுங்கள். சுத்தமான கழிப்பறை இல்லை என்பதற்காகவே எத்தனையோ பெண்கள் அந்த நாள்களில் தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரை அடக்குகிறார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பையும் மலச்சிக்கலும் அடிவயிற்றுக் கனத்தைக் கூட்டும்.

நான்காம் படி: உங்கள் கழிப்பறையைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுங்கள்

விளம்பரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு நாளில் எத்தனை முறை மாற்ற முடியும், அங்கே தண்ணீர் இருக்குமா, குப்பைத்தொட்டி இருக்குமா, துவைத்ததை வெயிலில் போட இடம் உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள். பொருள் தானாகத் தெரிந்துவிடும்.

மாற்றவும் எறியவும் வசதி இருந்தால் நாப்கின் எளிது. நனையாவிட்டாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். ஈரத்தில் உராய்ந்து தொடையிடுக்கு புண்ணாவதையும் எரிச்சலையும் "மாதவிலக்கு வலி" என்ற கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். அது தனி. வாசனை சேர்த்தவற்றைத் தவிர்த்து, பருத்தி மேற்பரப்புள்ளதற்கு மாறினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பாக்கெட்டில் மில்லிமீட்டரில் நீளம் அச்சிட்டிருக்கும். பகலுக்கு 240, இரவுக்கு 320 என்று இரண்டு நீளம் வைத்துக்கொள்ளலாம். நாப்கின்களுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 5405. மக்கள் மருந்தகங்களில் சுவிதா நாப்கின் 2019 ஆகஸ்ட் முதல் ஒன்று ஒரு ரூபாய் என்ற விலையில் கொடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் வளரிளம் பெண்களுக்குப் புதுயுகம் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளியிலோ அங்கன்வாடியிலோ கிராமச் செவிலியரிடமோ கூச்சமின்றிக் கேட்டு வாங்குங்கள். நாப்கின் விலை எளியவர் கைக்கு எட்ட வேண்டும் என்று கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் சிறிய இயந்திரத்தை உருவாக்கிய மண் இது.

எறியும்போது செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுங்கள். புனே நகரில் குப்பை சேகரிக்கும் பெண்களின் கூட்டுறவு அமைப்பு கேட்டுக்கொண்ட வழக்கம் இது. அதைப் பிரித்துப் பார்க்க நேரும் கையும் ஒரு பெண்ணின் கைதான். கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெயிலும் தண்ணீரும் உள்ள வீட்டில் துணி வைப்பதில் ஒரு குறையும் இல்லை. இரத்தத்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து அலசி, அதன் பிறகே சோப்பு. வெந்நீரில் முதலில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். துணியைக் கெடுப்பது இரத்தத்தைவிட ஒளித்துவைத்து உலர்த்தும் வழக்கம்தான். கட்டிலுக்கு அடியிலும் புடவைக்குக் கீழும் ஈரமாகவே கிடந்த துணியை மறுபடி வைத்தால் தொற்று வரும். நேர் வெயிலில் மொறமொறவென்று உலர வேண்டும்.

இரத்தத்தை உறிஞ்ச யோனிக்குள் வைக்கும் பஞ்சு உருளைதான் டாம்பான். அதை வைப்பவர்கள் எட்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. போக்குக்குத் தேவையான மிகக் குறைந்த உறிஞ்சுதிறன் உள்ளதை எடுங்கள். 1980-ல் அமெரிக்காவில் அதிகம் உறிஞ்சும் டாம்பான்களை வைத்திருந்த பெண்களிடையே நச்சு அதிர்ச்சி நோய் பரவலாகக் கண்டறியப்பட்டது. அரிதான நோய், ஆனால் உயிரைப் பறிக்கும். உள்ளே வைத்திருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, வெயிலில் வெந்தது போன்ற சிவப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த படியில் வரும் கப்புக்கும் இது பொருந்தும்.

ஐந்தாம் படி: கப் பழகுதல்

எட்டு மணி நேர வேலை, நீண்ட பஸ் பயணம், தண்ணீர் வராத கழிப்பறை: இந்த மூன்றும் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது மாதவிலக்குக் கப். யோனிக்குள் வைத்து இரத்தத்தைச் சேகரித்து, கொட்டிக் கழுவி மறுபடி வைக்கும் சிறு கிண்ணம் அது; மருத்துவத் தரச் சிலிக்கானில் செய்தது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும், நன்றாகப் பராமரித்தால் பத்து ஆண்டு வரை உழைக்கும். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கும்பளங்கி ஊராட்சி, பெண்களுக்குக் கப் கொடுத்துப் பழக்கி, 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. மீனவக் குடும்பங்கள் நிறைந்த ஊரில் முடிந்தது நமக்கும் முடியும்.

முதல் முறை விடுமுறை நாளில் பழகுங்கள். வலி கடுமையாக இருக்கும் முதல் நாளில் வேண்டாம், இரண்டாம் மூன்றாம் நாளில் வழுக்கல் இருக்கும், எளிது. கப்பை அதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில், அடியில் ஒட்டாமல், ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். நகத்தை வெட்டிக் கையைச் சோப்பால் கழுவுங்கள். குந்தி உட்கார்வது நமக்குப் பழக்கம். இதற்கு அதுவே சிறந்த நிலை. விளிம்பை உள்நோக்கி ஒரு விரலால் அழுத்தி மடித்தால் முனை சிறிதாகும். மூச்சை விட்டபடி, மேல்நோக்கித் தள்ளாமல் முதுகுத்தண்டின் அடியை நோக்கிச் சாய்த்து உள்ளே நகர்த்துங்கள். விட்டதும் அது விரியும். அடிப்பாகத்தைச் சுற்றி விரலை ஓட்டி, மடிப்பு எங்கும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கசிந்தால் பெரும்பாலும் விரியாததே காரணம்.

எடுப்பதுதான் பலரைப் பயமுறுத்துகிறது. பதறினால் தசை இறுகும், கப் மேலே போகும். கருப்பை வாய்க்கு அப்பால் அது போகவே முடியாது; தொலைந்துவிடாது. குந்தி உட்கார்ந்து மலம் கழிப்பதுபோல மெல்ல முக்குங்கள். காம்பு தெரிந்ததும் அதைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். அடிப்பாகத்தை இரு விரலால் அமுக்கிக் காற்றை உள்ளே விட்டு, பிடிப்பு தளர்ந்த பிறகு இடவலமாக அசைத்து எடுக்க வேண்டும். காற்று விடாமல் இழுத்தால் கருப்பை வாயே இழுபடுவதுபோல் சுருக்கென்று வலிக்கும். கருத்தடைக்காகக் கருப்பைக்குள் காப்பர் டி வைத்திருப்பவர்களுக்கு அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடக்கூடும் என்பதால் அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் கப்புக்கு மாற வேண்டும். பிரசவமானவர்கள் குறைந்தது ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

கப் வைத்த பிறகு பிடிப்பு கூடி, எடுத்த சற்று நேரத்தில் தணிந்தால் அது புரோஸ்டாகிளாண்டின் வலி இல்லை. கப் பெரிதாகவோ கடினமாகவோ இருக்கிறது. அடிக்கடி சிறுநீர் முட்டினாலும் காரணம் அதுவே. மென்மையான, சிறிய அளவுக்கு மாறுங்கள். இரண்டு மூன்று சுழற்சி பழகியும் ஒத்துவரவில்லை என்றால் நாப்கினுக்கே திரும்புவதில் தோல்வி ஒன்றும் இல்லை.

மணமாகாத பெண்கள் இதை வைக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். கன்னித்திரை என்பது நெகிழும் சவ்வு. சிலருக்குப் பிறவியிலேயே அகன்றிருக்கும், சிலருக்கு ஓடியாடும்போது விலகியிருக்கும். அதை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. உள்ளே வைப்பது அவளுக்குச் சம்மதமா, சௌகரியமா என்பது ஒன்றே கேள்வி.

கப்பில் எனக்குப் பிடித்த வசதி ஒன்று உண்டு: உள்ளே மில்லிலிட்டர் கோடுகள் இருக்கும். ஒரு மாதவிலக்கில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தமே போகிறது. 80-ஐத் தாண்டினால் அதிகம். "நிறையப் போகிறது" என்று சொல்லித் திரும்பி வந்த பெண், "ஐந்து நாளில் 110 மில்லிலிட்டர்" என்று நோட்டைக் காட்டினால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆறாம் படி: எப்போது மருத்துவரிடம் போவது

மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் நனைந்தால், மயக்கம் வந்தால், நாள் தள்ளிப்போன பிறகு ஒரு பக்கமாகக் கடும் வலி வந்தால், காய்ச்சலும் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்தால் அன்றே போக வேண்டும்.

அவசரமில்லை, ஆனால் தள்ளக்கூடாது என்பவை: ஏழு நாளுக்கு மேல் போக்கு, சரியான நேரத்தில் மாத்திரை போட்டும் மூன்று சுழற்சியில் கேட்காத வலி, 25 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய வலி, ஆண்டுக்கு ஆண்டு கூடும் வலி, மாதவிலக்கு இல்லாத நாள்களிலும், தாம்பத்தியத்தின்போதும், மலம் கழிக்கும்போதும் வலி. கருப்பைக்கு வெளியே அதன் உட்சவ்வு போன்ற திசு வளரும் எண்டோமெட்ரியோசிஸ், நார்த்திசுக் கட்டி, தொற்று என்று இவற்றுக்குப் பின்னால் காரணம் இருக்கலாம். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதினால் தாய்மார்கள் அதிர்ந்துவிடுகிறார்கள். முட்டை வெளியாவதை நிறுத்தி, கருப்பைச் சவ்வை மெல்லியதாக்கி, புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பதற்காகத்தான் அதை எழுதுகிறார். பதினாறு வயதுப் பெண்ணுக்கும் அது வலி மருந்தாகத் தரப்படுவதுண்டு. நிறுத்திய பிறகு கருத்தரிப்பதற்கு அது தடையாவதில்லை.

போகும்போது மூன்று மாத நோட்டை எடுத்துப் போங்கள். "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நாள் வேலைக்கோ பள்ளிக்கோ போகவில்லை என்பதைச் சொல்லுங்கள். முதலில் வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். "ஸ்கேனில் ஒன்றுமில்லை, தைரியமாகப் போங்கள்" என்று எனக்கும் ஒருமுறை சொல்லி அனுப்பினார்கள், நான் அழுதுகொண்டே பஸ் ஏறினேன். எண்டோமெட்ரியோசிஸ் திட்டுகள் சிறிதாக இருந்தால் ஸ்கேனில் தெரியாமலே போகலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. உங்களிடம் அப்படிச் சொன்னால் நாற்காலியை விட்டு எழாமல், "ஸ்கேன் சரியாக இருந்தும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்க வாய்ப்பு உண்டா? அடுத்து எனக்கு என்ன சிகிச்சை தொடங்கலாம்? எத்தனை மாதம் பார்த்துவிட்டு மறுபடி வர வேண்டும்?" என்று மூன்றையும் கேட்டு, பதிலை அதே நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.